கடலரிப்ப் என்னும் ஒரே புரோகிராம்

சம்பூர்ணத்தைப் பார்த்துப் பொறாமைப்பட ஜெகதாம்பாளுக்குக் காரணங்கள் நிறைய இருந்தன. சம்பூர்ணம் உட்கார்ந்த இடத்துக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே கடல். ஜெகதாம்பாள் உட்கார்ந்த இடத்துக்கு நேரே சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். சம்பூர்ணம் கட்டும் வாயில் துணிப் புடவை சாயங்காலம் வரை மடிப்புக் கலையாது. டைரக்டர் இங்கிலீஷில் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் சம்பூர்ணம் சரியான இடத்தில் சிரிப்பாள். ஜெகதாம்பாள் அது வேடிக்கை என்று கண்டுபிடித்துச் சிரிக்கும்போது, டைரக்டர் யாரோ இறந்துபோன செய்தியைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் சில்லறை வயிற்றெரிச்சல். வீட்டுக்குப் போய் ரெண்டு வாய் சோறு தின்றால் அடங்கிவிடும். எதைத் தின்றாலும் அடங்காத எரிச்சல் ஒன்று இருந்தது. சம்பூர்ணம் எழுதிய புரோகிராமின் பெயர் 'அலை'.

அந்தக் குட்டிப் பெயரின் அருமை தெரிய, கடலரிப்புத் தடுப்பு ஆராய்ச்சி மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மன்றம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருந்தது. கடல் கரையைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது அதன் கடமை. ஏற்பட்ட நாள் முதல் அது கரையில் ஒரு கூடைக் கல்கூடக் கொட்டியதில்லை. கல் கொட்டுவது வேறு இலாகாவின் வேலை. கொட்டலாமா என்று ஆராய்வதுதான் மன்றத்தின் வேலை. ஓர் ஐப்பசியில் மன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரே கடலுக்குள் போயிற்று. டைரக்டர் கோதண்டராமன் ஊழியர்களைக் கூப்பிட்டு, "ஆராய்ச்சிப் பொருள் நம்மைத் தேடி வந்திருக்கிறது" என்று பெருமைப்பட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எழுபத்தெட்டில் மன்றத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை ஓட்டும் யூனிக்ஸ் என்பது அமெரிக்காவில் ஏதோ பல்கலைக்கழகத்திலிருந்து டேப்பில் வந்தது, கூடவே ஒரு கையேடும். புரோகிராம் எழுத டெம்பரரியாக ஐந்து பேரை எடுத்தார்கள். மூன்று பேர் ஆண்கள். நான்காமவள் கருங்குழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் சம்பூர்ணம். கடைசியாகச் சேர்ந்தவள், பக்கத்துக் குப்பத்திலிருந்து மணலில் நடந்தே வரும் ஜெகதாம்பாள்.

குப்பத்தில் பி.எஸ்ஸி. படித்த முதல் ஆள் அவள்தான். அதற்காக அவளை யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே அவள் அப்பா இருசப்பன் தன் முடிவைச் சொல்லிவிட்டார்.

"டெம்பரரின்னா அது வேலையா? மயைக்கு ஒதுங்கி நிக்கிறது. பர்மனென்ட் ஆச்சின்னா உன் இஷ்டம், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆவலன்னு வையி, ஆவணியில ஐஸ் கம்பெனிக்காரனுக்குக் கழுத்த நீட்டு."

"அந்தாளுக்கு என் வயசுல பொண்ணு கீது, நைனா."

"அதுக்கென்னா, உனக்குத் துணையா இருந்துட்டுப் போவுது."

ஆகவே ஜெகதாம்பாளுக்குப் பர்மனென்ட் வேண்டும். மன்றத்தில் பர்மனென்ட் இடம் ஒன்றே ஒன்று வந்திருந்தது. அதை யாருக்குக் கொடுப்பதென்று சென்னையிலிருந்து விதியும் வந்திருந்தது: அரையாண்டில் எவருடைய புரோகிராம் மிஷினில் அதிக நேரம் ஓடியதோ அவருக்கு. உழைப்பை அளக்க இதைவிட நேர்மையான கோல் கிடையாது என்றார் டைரக்டர். நாள் முழுவதும் ஓட வேண்டியதை அரை மணியில் முடித்துவிடும்படி எழுதுகிறவன் சோம்பேறி என்பதும் இதிலிருந்து விளங்கிற்று.

ஜெகதாம்பாளுக்கு இந்த விதி பிடித்தே இருந்தது. அவளுடைய புரோகிராம் கடலோரம் முழுவதையும் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் கடல் எவ்வளவு தின்றது என்று கணக்குப் போடும். ஒரு தடவை தொடங்கினால் மூன்று நாள் ஓடும். சம்பூர்ணத்தின் 'அலை' மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

குறுக்கே வந்தது பெயர்.

ஜெகதாம்பாள் சேர்ந்த மாதத்தில்தான் டைரக்டர் பெயர் உத்தரவு போட்டார். அன்றிலிருந்து எழுதப்படும் எந்தப் புரோகிராமின் பெயரும் 'கடலரிப்பு' என்று தொடங்க வேண்டும். பிறகு மன்றத்தின் மீதிப் பெயர், பிறகு பிரிவின் பெயர், பிறகு வேலையின் பெயர், கடைசியில் எழுதியவரின் பெயர். எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துச் சேர்த்தால் டெர்மினலில் ஒரு வரி போதாது. புரோகிராமுக்குப் பெயர் சூட்டு விழாவும் உண்டு. மிஷினுக்குச் சந்தனம் தொட்டு, மாலை போட்டு, டைரக்டர் அதன் விசிறி சுற்றும் ஓட்டையில் வாயை வைத்துப் பெயரை மூன்று தடவை ஓதுவார். பிறகு சர்க்கரை கொடுப்பார்கள்.

ஜெகதாம்பாளின் புரோகிராமுக்குப் பெயர் சூட்டிய அன்று டைரக்டர் பேசினார்.

"நீளமான பெயர் என்பது நீளமான பெருமை. என் பெயரைப் பட்டங்களோடும் பதவிகளோடும் சேர்த்து வாசித்தால் சில கூட்டங்களில் நேரம் போதாமல் போயிருக்கிறது. அதற்காக நான் எதையும் குறைத்துக்கொண்டதில்லை. எழுதிய ஊழியர் பெயர் ஏன் கடைசியில் என்று கேட்கலாம். முன்னால் மன்றம் நிற்கும்போது பின்னால் நிற்பதுதான் ஊழியருக்கு அழகு. மன்றத்துக்கு முன்னால் யார் நிற்பது? நான் நிற்கிறேன். அது போதும்."

குப்பத்தில் இருசப்பன் என்ற பெயரில் பல பேர் உண்டு. கோணவாய் இருசப்பன், சீமெண்ணெய் இருசப்பன் என்று அடையாளத்தை முன்னால் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அடையாளத்தைக் கடைசியில் வைக்கும் வழக்கம் ஜெகதாம்பாளுக்குப் புதிதாக இருந்தது. படித்தவர்கள் செய்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று சர்க்கரையை வாங்கித் தின்றாள். உத்தரவுக்கு முன்பே புரோகிராம் எழுதி முடித்திருந்தவள் சம்பூர்ணம் ஒருத்திதான். 'அலை' அலையாகவே இருந்தது.

அரையாண்டில் பாதி போனதும், எந்தப் புரோகிராம் எவ்வளவு நேரம் ஓடியது என்று மிஷின் அடித்துக் கொடுத்த தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதில் இரண்டே வரி இருந்தது. முதல் வரியில், யாரும் எட்ட முடியாத மணிக்கணக்கோடு, 'கடலரிப்ப்' என்று ஒன்று. உரியவர் என்ற இடத்தில் 'பொது' என்று கையால் எழுதியிருந்தது. இரண்டாவது வரியில், ஏதோ சொற்ப நேரத்தோடு, 'அலை'. உரியவர்: சம்பூர்ணம். அருகே சிவப்பு மையில், 'தனிநபரில் முதலிடம்'.

மிஷின் பெயரில் முதல் பத்து இங்கிலீஷ் எழுத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று ஜெகதாம்பாள் தெரிந்துகொண்டது இப்படித்தான். எவ்வளவு நீளமாக அடித்தாலும் வாங்கிக்கொள்ளும், ஒரு வார்த்தை மறுத்துப் பேசாது, பத்தோடு வெட்டிவிடும். மன்றத்தையும் பிரிவையும் வேலையையும் அவளையும் சேர்த்து வெட்டியிருந்தது. கடலரிப்பு என்ற முதல் சொல்லின் கடைசி 'உ'வைக்கூட விட்டு வைக்கவில்லை. நான்கு பேரின் புரோகிராம்களும் கடலரிப்ப்தான்.

மிஷினுக்குப் பொறுப்பாளர் ஞானதாஸ். கையேடு அவருடைய மேசையில், அவருடைய முழங்கைக்கு அடியில் இருக்கும். அவர் அதைப் புரட்டினார், மூடினார்.

"இதுல அப்படி ஒண்ணும் போடலையேம்மா."

"போடல சார். ஆனா வெட்டுது."

"வெட்டும்னா போட்டிருப்பான். அமெரிக்காக்காரன் சும்மா இருப்பானா? பத்தோட வெட்டும்னு போடல. ஆகையினால வெட்டாது."

"போர்டுல ஒட்டி இருக்கே சார், வந்து பாருங்களேன்."

"நான் எதுக்குப் பாக்கணும்? நான் கையேட்டைப் பாத்துட்டேன். பார்வையில கோளாறு யாருக்கு இருக்குன்னு தெரியணும் இல்ல? கண் டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வா, அப்பறம் பேசலாம்."

ஜெகதாம்பாள் ஒரு நாள் லீவு போட்டுச் செங்கல்பட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை படிக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் படித்தாள். பலகைக்குக் கீழே அச்சாபீஸின் பெயர் கடுகு மாதிரி இருந்தது, அதையும் படித்தாள். கண் அபாரமாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஞானதாஸ் அதை வாங்கிப் படித்து முகம் மலர்ந்தார்.

"நான் நெனச்சது சரியாப் போச்சு. உன் கண்ணு நல்லா இருக்கு. அப்ப நீ பாத்தது சரி. நீ என்னா பாத்த? கடலரிப்ப்னு பாத்த. அப்ப அதான் பேரு. இதுல வெட்டறதுக்கு என்னா இருக்கு?"

அவள் சர்டிபிகேட்டைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். திரும்பி வரும்போது சம்பூர்ணம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள். "சர்டிபிகேட் கிடைச்சுதா?" என்று கேட்டாள். அவள் கேட்டது அக்கறையாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

அடுத்த வாரம் மூன்று ஆண்களில் ஒருவன் எழுதிய புரோகிராம் மாட்டிக்கொண்டு, முடிவில்லாமல் காகிதத்தைக் கக்க ஆரம்பித்தது. அதை நிறுத்தும்படி ஆபரேட்டர் மாயவனுக்கு எழுத்தில் உத்தரவு போனது. 'நிறுத்து' என்று ஒரு கட்டளையை ஞானதாஸே எழுதி வைத்திருந்தார். 'நிறுத்து' என்று அடித்துப் புரோகிராமின் பெயரை அடித்தால், அந்தப் பெயரில் ஓடுவது எல்லாம் நிற்கும். மாயவன் முழுப் பெயரையும் அடித்துப் பார்த்தான். அப்படி எதுவும் ஓடவில்லை என்றது மிஷின். ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலில் இருந்தபடி கடலரிப்ப் என்று அடித்தான். காகிதம் நின்றது. மூன்றாவது நாளாக ஓடிக்கொண்டிருந்த, இன்னும் அரை மணியில் முடிய இருந்த ஜெகதாம்பாளின் கணக்கும் நின்றது.

"இன்னா அண்ணாத்த பண்ணி வச்ச?"

மாயவன் அடுத்த குப்பத்துக்காரன், அவளுக்குத் தூரத்து உறவு. அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"நான் இன்னா தங்கச்சி பண்ணுவேன்? கடலரிப்ப்னு நாலு நிக்கிது, நாலும் ஒரே மூஞ்சி. எவன் கழுத்தப் புடிக்கிறது? மொத்தமாப் புடிச்சிட்டேன்."

"அலை?"

"அது ஓடிக்கினு கீது. அதுக்கு இன்னா கேடு? அதுக்குத்தான் தனியா பேரு கீதே."

மறு வாரமும் நிறுத்தினார்கள். அதற்கு மறு வாரம் எது மாட்டிக்கொண்டது என்றே தெரியாமல், பாதுகாப்புக்காக நிறுத்தினார்கள். ஜெகதாம்பாளின் கணக்கு முதல் துண்டுக் கரையிலிருந்து திரும்பத் திரும்பத் தொடங்கியது. 'அலை' தினமும் சாப்பாட்டுக்கு முன் முடிந்து, தன் சொற்ப நேரத்தைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. தன்னுடைய மூன்று நாள் உழைப்பு மற்ற மூன்று பேரோடு கூட்டாகப் புதைக்கப்படுவதையும், அடுத்தவளின் அரை நாள் உழைப்பு தனிக் கல்லறையில் பூப்போட்டு நிற்பதையும் பார்த்துக்கொண்டு எந்த மனுஷி சும்மா இருப்பாள்?

அவள் சும்மா இருக்கவில்லை. தனக்கு ஒரு சின்னப் பெயர் வேண்டும் என்றுதான் முதலில் டைரக்டரிடம் கேட்கப் போனாள். போகும் வழியில் சம்பூர்ணத்தைக் கடக்க வேண்டியிருந்தது. ஜன்னல் காற்றில் அவள் முந்தானை லேசாகப் பறந்தது. டைரக்டர் அறைக்குள் நுழைந்தபோது ஜெகதாம்பாளின் வாயிலிருந்து வந்தது வேறு.

"சார், மன்றத்தோட பேரு இல்லாம ஒரே ஒரு புரோகிராம் மட்டும் அனாதையா ஓடுது. பாக்கவே மனசு கேக்கல."

டைரக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய கண் கலங்கியது.

"இத்தனை பேரில் உனக்குத்தானம்மா தோன்றியிருக்கிறது" என்றார்.

'அலை'க்குப் பெயர் சூட்டு விழா அந்த வெள்ளிக்கிழமையே நடந்தது. தன் சக ஊழியரின் பெருமையில் தானும் மகிழும் உத்தமி என்று டைரக்டர் மைக்கில் ஜெகதாம்பாளின் பெயரைச் சொல்லி, சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும் கௌரவத்தை அவளுக்குக் கொடுத்தார். மிஷினின் ஓட்டையில் அவர் புதுப் பெயரை ஓதியபோது சம்பூர்ணம் ஜெகதாம்பாளைப் பார்த்தாள். சர்க்கரையை வாங்கி, பக்கத்திலிருந்த பியூன் கையில் கொட்டிவிட்டாள். அன்று ராத்திரி ஜெகதாம்பாள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அரையாண்டு முடிந்து ஒட்டிய தாளில், 'அலை'யின் பழைய நேரத்தையும் புதுப் பெயரிலேயே சேர்த்து, ஒரே ஒரு வரி இருந்தது. கடலரிப்ப்.

இதைப் பார்க்கச் சென்னையிலிருந்து தணிக்கை அதிகாரி ஒருவர் வந்தார். ஒல்லியான, நல்ல மனிதர். யாரையும் அதட்டவில்லை. தாளைப் படித்தார், ஐந்து பேரையும் எண்ணினார், மறுபடி தாளைப் படித்தார்.

"ஒரு புரோகிராம். அஞ்சு பேர்" என்றார்.

"சார், அது ஒண்ணு இல்ல, அஞ்சு" என்றாள் ஜெகதாம்பாள். "பேரு பத்து எழுத்தோட வெட்டிடுது."

அதிகாரி ஞானதாஸைப் பார்த்தார். ஞானதாஸ் கையேட்டை நீட்டினார். அதிகாரி பொருளடக்கத்தை விரலால் தடவி மூடினார்.

"போடலையேம்மா."

"நிறுத்திப் பாருங்க சார், தெரியும்" என்றாள் சம்பூர்ணம். அரையாண்டில் அவள் குரல் உயர்ந்து கேட்டது அன்றுதான்.

மாயவனைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார்கள். அடித்தான். எல்லாம் நின்றது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி பட்டியலைப் போடச் சொல்லிப் பார்த்தார், காலியாக இருந்தது.

"ஒரு தடவை நிறுத்தினதும் ஒண்ணும் மிச்சம் இல்லை. அப்ப இருந்தது ஒண்ணுதானே?" என்று அவர் பரிவோடு கேட்டார். "ஒரு புரோகிராமுக்கு ஒரு ஆள் போதும். அவர் பர்மனென்ட். மத்தவங்க உபரி. யார் அந்த ஒருத்தர்னு நீங்களே சொல்லுங்க டைரக்டர் சார்."

டைரக்டர் எழுந்து நின்றார். எங்கே நின்றாலும் அவருக்கு முன்னால் ஒரு மைக் இருப்பது போலவே பேசுவார்.

"கடலரிப்பு என்ற பெயரில் முதன்முதலில் இந்த மிஷினில் ஓடியது எது? திறப்பு விழாவன்று நான் என் விரலால் அடித்த புரோகிராம். 'வணக்கம்' என்று ஒரு சொல்லை அச்சடித்தது. இந்தப் பிள்ளைகள் அதைத் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஐந்து தாய் இருக்க முடியாது. தகப்பன் ஒருவன்தான். எனக்குப் பதவி ஆசை கிடையாது. கூடுதல் பொறுப்பாக, அதற்குரிய கூடுதல் சம்பளத்தோடு மட்டும், இந்தச் சுமையை ஏற்கிறேன்."

ஞானதாஸ் கை தட்டினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். மூன்று ஆண்களும் தங்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள்.

இரண்டு பெண்களும் கிளம்பும்போது பியூன் ஓடி வந்து, டைரக்டர் கூப்பிடுவதாகச் சொன்னான். அறைக்குள் டைரக்டர் டெர்மினலுக்கு முன்னால், வெகு தூரம் தள்ளி உட்கார்ந்திருந்தார். அது கடிக்கும் என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலரிப்பை நான் ஓட்ட வேண்டும். ஆனால் எனக்குக் கூட்டங்கள் இருக்கின்றன" என்றார். "என் சார்பாக அதை ஓட்ட ஒரு கை வேண்டும். தினக்கூலிதான். வந்த நாளுக்குக் காசு. பெயர் எங்கும் வராது. ஒருவருக்குத்தான் இடம். யார் வருகிறீர்கள்?"

ஜெகதாம்பாளுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். தினக்கூலி என்றால் நைனா ஒத்துக்கொள்ள மாட்டார், ஆவணியில் பந்தக்கால் நட்டுவிடுவார். இந்தக் கூலி அவளை எதிலிருந்தும் காப்பாற்றாது. வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் சம்பூர்ணத்தின் உதடு பிரிவதைப் பார்த்தாள். தனக்கு உதவாத கூலியானாலும் அது இவளுக்குப் போவதா?

"நான் வரேன் சார்" என்றாள் ஜெகதாம்பாள், அவசரமாக.

டைரக்டர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. சவுக்குத் தோப்பைத் தாண்டி ரோடு வரை இருவரும் நடந்தார்கள். குப்பத்துக்குப் போகிறவள் மணல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஏனோ ஜெகதாம்பாள் பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தாள். விழாவைப் பற்றி, சந்தனக் கிண்ணத்தைப் பற்றி, சம்பூர்ணம் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தாள். கேட்டிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"நீ இன்னாத்துக்கு அவ்ளோ அவசரமா முந்திக்கின?" என்றுதான் கேட்டாள் சம்பூர்ணம்.

"நீ வரேன்னு சொல்லப் போறேன்னு நெனச்சேன்."

"நானா?" சம்பூர்ணம் செருப்பிலிருந்து மணலைத் தட்டினாள். "முடியாதுன்னு சொல்றதுக்கு வாயத் தொறந்தேன். அந்த மூணு பேரும் போயிட்டானுங்க. நானும் முடியாதுன்னு, நீயும் முடியாதுன்னு சொல்லியிருந்தா அந்தாளு இன்னா பண்ணியிருப்பான்? அதுல சுவிட்சு எங்க கீதுன்னே அவனுக்குத் தெரியாது. நாளைக்கே மெட்ராசுக்கு ஓடி, அஞ்சு புரோகிராம், அஞ்சு ஆளுன்னு தன் வாயாலயே சொல்லியிருப்பான்."

செங்கல்பட்டு பஸ் வந்தது. கூட்டம் நெரிந்தது. ஏறுவதற்கு முன் சம்பூர்ணம் திரும்பி, "போயிட்டு வரேன்" என்றாள், எப்போதும் போல.

பஸ் போன பிறகு ஜெகதாம்பாள் வெறும் ரோட்டில் நின்று, முடியாது என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க. அவள் வாயில் அது சரியாக உட்காரவில்லை. சம்பூர்ணம் சொன்னபோது எவ்வளவு அழகாக இருந்தது, பாவி.